கதை சோறு போடும் ஊர்கள்

ஒரு ஜோடிச் செருப்பு. பழைய செருப்பு. மேலே சிவப்பு ஜிகினா தைத்தது. அதிலே உண்மையான ரத்தினக் கல் ஒன்றுகூடக் கிடையாது. அந்தச் செருப்பு, 2024-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, அமெரிக்காவில் டல்லாஸ் நகரிலே ஏலத்துக்கு வந்தது. 2 கோடியே 80 லட்சம் டாலருக்குப் போயிற்று! ஏலக் கம்பெனியின் கமிஷனையும் சேர்த்தால் 3 கோடியே 25 லட்சம் டாலர்.

1939-ம் ஆண்டு வெளிவந்த "ஆஸ் நாட்டு மந்திரவாதி" என்ற சினிமாப் படத்திலே, நடிகை ஜூடி கார்லண்ட் போட்டு நடித்த செருப்பு அது. அந்தப் படத்துக்காகச் செய்த ஜோடிகளில் தப்பிப் பிழைத்தவை சிலதான். அதனால்தான் இந்த விலை.

அதை எப்படியாவது வாங்கிவிடவேண்டும் என்று ஒரு சிறிய ஊர் ஆசைப்பட்டது. மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள கிராண்டு ராபிட்ஸ் என்ற ஊர். ஜனத்தொகை சுமார் 11 ஆயிரம். ஜூடி கார்லண்ட் 1922-ல் பிறந்தது அங்கேதான். அவர் பெயரிலே அங்கு ஒரு காட்சிசாலை இருக்கிறது. ஒரு சேகரிப்பாளர் இரவலாகக் கொடுத்திருந்த அந்தச் செருப்பு, 2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஓர் இரவு அங்கிருந்து களவு போயிற்று. திருடன் கதவை உடைத்து, கண்ணாடிப் பெட்டியையும் சுத்தியலால் உடைத்து எடுத்துப் போனான். சிவப்புக் கல் எல்லாம் ரத்தினம் என்று நினைத்தானாம்! கண்ணாடி என்று தெரிந்ததும் கைகழுவிவிட்டான். போலீசார் ஏரியிலே ஆள் இறக்கித் தேடியதும் உண்டு. கடைசியில் 2018-ல் செருப்பு அகப்பட்டது. சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. பிறகு ஏலத்துக்கு வந்தது.

ஊரார் விழா நடத்திப் பணம் சேர்த்தார்கள். மாநில சர்க்காரும் ஒரு லட்சம் டாலர் ஒதுக்கியது. லட்சத்தை வைத்துக்கொண்டு கோடியை எப்படி மறிப்பது? செருப்பு கை நழுவிப் போய்விட்டது.

இதிலே வருத்தப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அந்த ஒரே கதையை நம்பி அமெரிக்காவிலே பல சிற்றூர்கள் விழா நடத்துகின்றன, கடை திறக்கின்றன, வெளியூர் ஜனங்களை வரவழைக்கின்றன. கதை சோறு போடுகிறது. ஆனால் கதையை வைத்துப் பிழைப்பதற்கும் ஒரு நேர்மை வேண்டும். எந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதைப் பார்ப்பது நல்லது.

யார் அந்த டோரதி?

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். டோரதி ஓர் அநாதைச் சிறுமி. கான்சாஸ் மாநிலத்திலே, வறண்ட புல்வெளியின் நடுவே, மாமா அத்தை வீட்டில் வளர்கிறாள். துணைக்கு டோட்டோ என்று ஒரு நாய்க்குட்டி. ஒரு நாள் சூறாவளி வந்து, வீட்டோடு அவளைத் தூக்கிப்போய், ஆஸ் என்ற மாய நாட்டிலே இறக்கிவிடுகிறது. வீடு திரும்ப வழி என்ன? மரகத நகரத்தில் பெரிய மந்திரவாதி இருக்கிறார், மஞ்சள் செங்கல் பாதையிலே போ என்கிறார்கள். மூளை வேண்டும் என்று ஒரு வைக்கோல் பொம்மையும், இருதயம் வேண்டும் என்று ஒரு தகர மனிதனும், தைரியம் வேண்டும் என்று ஒரு சிங்கமும் வழியிலே சேர்ந்துகொள்கிறார்கள்.

மந்திரவாதியைப் பார்த்தால் எல்லோருக்கும் நடுக்கம். ஆனால் நாய்க்குட்டி இடித்ததிலே மறைப்பு ஒன்று சாய்ந்துவிடுகிறது. பின்னாலே நிற்கிறவர் யார்? வழுக்கைத் தலையும் சுருங்கிய முகமுமாக ஒரு குள்ளக் கிழவர்! மந்திரமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. எல்லாம் ஏமாற்று. புத்தகத்திலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. மரகத நகரத்துக்குள் நுழைகிறவர்களுக்கெல்லாம் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுவார்கள். அதனால்தான் ஊரே பச்சையாகத் தெரியும்! சினிமாவிலே இது கிடையாது. புத்தகம் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடை மூடிய மனிதர்

இதை எழுதியவர் எல். பிராங்க் பாம். 1856-ல் நியூயார்க் மாநிலத்தில் சிட்டினாங்கோ என்ற ஊரிலே பிறந்தவர். தொட்ட தொழில் எதுவும் துலங்காத மனிதர். நாடகம் போட்டார், எண்ணெய் விற்றார். 1888-ல் மனைவி மக்களோடு டக்கோட்டா பிரதேசத்துக்குப் போனார். அபர்தீன் என்ற புதிய ஊரிலே ஒரு கடை வைத்தார். பொம்மை, விளக்கு, பீங்கான், கூடை எல்லாம் அழகழகாக அடுக்கினார். மழை பொய்த்தது, வெள்ளாமை இல்லை. வாங்கியவர்கள் கடன் சொன்னார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்தார். குழந்தைகளுக்குக் கதையும் சொன்னார். அப்புறம் என்ன? 1890-ம் ஆண்டு ஆரம்பத்திலே கடை போண்டி!

உடனே ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து நடத்தினார். அதுவும் 1891-ல் போயிற்று. குடும்பத்தோடு சிகாகோவுக்குப் போய், ஊர் ஊராகப் பீங்கான் சாமான் விற்கும் ஏஜண்டாக அலைந்தார். மாமியார் மேட்டில்டா கேஜ் அம்மாள்தான், குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளை எழுதி வை என்று மாப்பிள்ளையைத் தூண்டியவர். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று போராடிய பெரிய மனுஷி அவர். 1900-ம் ஆண்டு புத்தகம் வந்தபோது பாமுக்கு வயது 44. பார்க்க மாமியார் உயிரோடு இல்லை. இரண்டு வருஷம் முன்னாலேயே காலமாகிவிட்டார்.

ஒரு வினோதம் என்னவென்றால், பாம் கான்சாஸிலே குடியிருந்ததே இல்லை. டோரதியின் வீட்டைச் சுற்றி அவர் வர்ணித்த வறட்சியெல்லாம் டக்கோட்டாவிலே கண்ணால் கண்டது என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள்.

நூலகர் தொடங்கிய விழா

பிறந்த ஊரான சிட்டினாங்கோவிலே சுமார் 5 ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். பாம் பிறந்த நாளை ஊரிலே கொண்டாடவேண்டும் என்று 1978-ல் முதலில் முயற்சி எடுத்தவர் பணக்காரர் அல்ல, மந்திரியும் அல்ல. குழந்தைகள் பகுதியைக் கவனித்த ஒரு நூலகர் அம்மாள். குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அது வருஷா வருஷம் வளர்ந்து பெரிய விழாவாகிவிட்டது. கடைத்தெரு நடைபாதையிலே மஞ்சள் செங்கல் பதித்தார்கள். சினிமாவிலே குள்ள மனிதர்களாக நடித்தவர்களைப் பல வருஷங்கள் விருந்தாளிகளாக அழைத்தார்கள். தள்ளாத வயதிலும் அவர்கள் வந்தார்கள். குழந்தைகள் வரிசையாக நின்று கையெழுத்து வாங்கினார்கள். அவர்களில் கடைசியானவர் என்று சொல்லப்பட்டவர் 2018-ல் காலமானார். விழா நிற்கவில்லை.

அபர்தீனும் சும்மா இருக்கவில்லை. பாம் கடை வைத்து நொடித்துப்போன அதே ஊரிலே, நகரசபைப் பூங்காவுக்குள் குழந்தைகளுக்காக ஒரு கதை உலகமே கட்டியிருக்கிறார்கள். மஞ்சள் பாதை, தகர மனிதன், சிங்கம் எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏழை வீட்டுக் குழந்தையும் போகலாம். இது ஒன்றுக்காகவே அந்த ஊரைப் பாராட்டவேண்டும்.

தொடர்பே இல்லாத ஊர்கள்

இவை இரண்டும் பாம் காலடி பட்ட ஊர்கள். கான்சாஸில் லிபரல் என்று ஓர் ஊர் இருக்கிறது. கதாசிரியருக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டோரதி எந்த ஊர்க்காரி என்று புத்தகத்திலும் இல்லை. ஆனால் 1981-ல், 1907-ம் ஆண்டிலே கட்டிய ஒரு பண்ணை வீடு தானமாகக் கிடைத்தது. கதையிலே வருகிற மாதிரி சாமான்களைப் போட்டு, இதுதான் டோரதி வீடு என்று பலகை மாட்டிவிட்டார்கள்! ஊர்ப் பெண்கள் டோரதி மாதிரி நீலக்கட்டம் போட்ட கவுன் அணிந்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

அதே கான்சாஸிலே வாமீகோ என்று இன்னும் சிறிய ஊர். 5 ஆயிரம் பேர்கூட இல்லை. அங்கே 2004-ல் ஆஸ் காட்சிசாலை திறந்தார்கள். பழைய புத்தகங்கள், பொம்மைகள், விளையாட்டுச் சாமான்கள், சினிமாப் பொருள்கள் என்று அடுக்கியிருக்கிறார்கள். கடைவீதியிலே அங்கங்கே டோட்டோ நாய்க்குட்டிச் சிலைகள். அதே தெருவில் ஒரு பழைய நாடகக் கொட்டகை. அதன் உள்ளே இருக்கிற பெரிய ஓவியங்கள் 1893-ல் சிகாகோவிலே நடந்த உலகப் பொருட்காட்சியிலிருந்து வந்தவை. அந்தப் பொருட்காட்சியின் வெள்ளை மாளிகைகளைப் பார்த்துத்தான் பாமுக்கு மரகத நகரம் தோன்றியது என்று சொல்பவர்கள் உண்டு. சம்பந்தம் இல்லாத ஊருக்கு இப்படி ஒரு நூல் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது!

இது ஏமாற்று இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கலாம். இல்லை. டோரதி என்று ஒரு பெண் உயிரோடு இருந்ததே இல்லை என்பது வருகிறவர்களுக்கும் தெரியும், காட்டுகிறவர்களுக்கும் தெரியும். இது இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டு ஆடுகிற விளையாட்டு. கூத்திலே ராஜா வேஷம் போட்டவனை யாரும் போலீசில் பிடித்துக் கொடுப்பதில்லை.

கோதுமை நாட்டிலே வேலையாட்கள் செய்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. வாலிபர்கள் பட்டணம் போய்விடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலே பிள்ளைகள் குறைகிறார்கள். நெடுஞ்சாலையில் போகிற கார், ஊருக்குள் திரும்பினால்தான் கடைக்காரனுக்கு வியாபாரம். ஒரு குடும்பம் இறங்கினால் ஒரு வேளை சாப்பாடு, ஒரு டாங்கி பெட்ரோல், ஒரு பொம்மை, முடிந்தால் ஒரு ராத்திரி தங்கல். அவ்வளவுதான் வரும். ஆனால் அந்த அவ்வளவுதான் ஒரு கடையைத் திறந்து வைத்திருக்கிறது.

இதற்குச் சட்டமும் துணை செய்தது. புத்தகத்தின் உரிமை அமெரிக்காவிலே 1956-ல் காலாவதியாயிற்று. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், நாடகம் போடலாம், விழா எடுக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் சினிமாவை முதல் தடவையாக டெலிவிஷனிலே காட்டினார்கள். பின்னால் வருஷா வருஷம் காட்டினார்கள். வீட்டுக்கு வீடு கதை புகுந்தது. ஆனால் சினிமாப் படத்தின் உரிமை கம்பெனியிடம் இருக்கிறது. புத்தகத்திலே டோரதி போட்டது வெள்ளிச் செருப்பு. வர்ணப்படத்திலே எடுப்பாக இருக்கட்டும் என்று சிவப்பாக்கினார்கள். வெள்ளிச் செருப்பு ஊருக்குப் பொது. சிவப்புச் செருப்பு கம்பெனியின் சொத்து!

பணத்தைக் கொட்டினால் மட்டும் கூட்டம் நிலைத்துவிடும் என்பதும் இல்லை. வடக்குக் கரோலினாவில் ஒரு மலைமேலே, 1970-ல் பெரிய கம்பெனியார் ஆஸ் பூங்கா கட்டினார்கள். முதலில் கூட்டம் சொல்லி முடியாது. 1975-ல் தீ விபத்து. 1980-ல் பூட்டு. பிறகு பழைய நினைவை விடாதவர்கள் ஒன்றுகூடி, வருஷத்திலே சில நாள் மட்டும் திறந்து விழா நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. கம்பெனி விட்டாலும் ஜனங்கள் விடவில்லை.

2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும், அதே ஆஸ் நாட்டுச் சூனியக்காரியின் கதையை இரண்டு பாகமாகப் புதுச் சினிமாவாக எடுத்து வெளியிட்டார்கள். புதிய தலைமுறைக்கும் ஆஸ் தெரிந்துவிட்டது. வருகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள். அதனால்தான் இன்னொரு விஷயத்தை இப்போதே சொல்லவேண்டியிருக்கிறது.

மறைக்கக்கூடாத பக்கம்

அபர்தீனிலே பாம் பத்திரிகை நடத்தினார் அல்லவா? அந்தப் பத்திரிகையிலே 1890 டிசம்பர் 20-ந் தேதி ஒரு தலையங்கம் எழுதினார். செவ்விந்தியர் என்று வெள்ளையர் அழைத்த ஆதிகுடிகளின் தலைவர் சிட்டிங் புல் ஐந்து நாள் முன்புதான் கொல்லப்பட்டிருந்தார். மிச்சமிருக்கிற அந்த ஜனங்களையும் அடியோடு அழித்துவிடுவதே நல்லது என்று பாம் எழுதினார்!

டிசம்பர் 29-ந் தேதி, அதே டக்கோட்டாவிலே, ஊண்டட் நீ என்ற ஓடைக்கரையில் பட்டாளத்தார் லகோட்டா ஜனங்களைச் சுட்டுத் தள்ளினார்கள். செத்தவர்கள் 150-க்குக் குறையாது. 300 வரை என்றும் கணக்கு உண்டு. பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். அந்தச் செய்தி வந்த பிறகாவது மனம் இளகியதா? 1891 ஜனவரி 3-ந் தேதி மறுபடியும் அதே மாதிரி எழுதினார்.

குழந்தைகளுக்காக இத்தனை கனிவான கதை எழுதிய கை, இதையும் எழுதியிருக்கிறது. கோபம் வரத்தான் செய்யும். அந்தக் காலத்து மனிதர், அந்தக் காலத்துப் புத்தி என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். அந்தச் சமாதானம் செல்லாது. அவருடைய சொந்த மாமியாரே அதே காலத்து மனுஷிதான். கேஜ் அம்மாள் ஆதிகுடிகளின் உரிமைக்காக எழுதியவர், அவர்கள் சமூகத்திலே பெண்களுக்கு இருந்த மதிப்பைப் புகழ்ந்தவர். மோஹாக் ஜனங்கள் 1893-ல் அவரைத் தங்கள் குலத்திலே ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே குடும்பத்திலே இரண்டு புத்தி. எது சரி என்று அன்றைக்கே தெரிந்துகொள்ள வழி இருந்தது.

2006-ல் பாமின் வம்சத்தார் இருவர், சூ ஜனங்களிடம் தங்கள் முன்னோருக்காக மன்னிப்புக் கேட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து என்றாலும், கேட்டது பெரிய காரியம். 2015-ல் சிட்டினாங்கோவிலே ஒனைடா ஆதிகுடியினரே ஒரு சூதாட்ட விடுதி திறந்து, அதற்கு மஞ்சள் செங்கல் பாதை என்று பெயர் வைத்தார்கள். எங்களை அழிக்கச் சொன்னவர் எழுதிய கதையின் பெயரா என்று வேறு சில ஆதிகுடியினர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அதே சமயம், அந்தக் கதையை வைத்துத் தங்கள் ஜனங்களுக்கு வேலை கொடுப்போம் என்று ஒனைடா மக்கள் முடிவு செய்தால், அதைத் தடுக்க வெளியார் யார்?

விழாவையே நிறுத்திவிடவேண்டும், புத்தகத்தைத் தூக்கி எறியவேண்டும் என்று சொன்னால் அது அதிகம். டோரதியிடம் குற்றமில்லை. வைக்கோல் பொம்மையிடமும் குற்றமில்லை. அந்தத் தலையங்கத்தைப் படிக்காத கோடிக் குழந்தைகள் அந்தக் கதையிலே சிரித்திருக்கிறார்கள், பயந்திருக்கிறார்கள், வீட்டை நினைத்து அழுதிருக்கிறார்கள். ஆனால் பாம் நல்லவர், வல்லவர், குழந்தைகளின் நண்பர் என்று மட்டும் சொல்லி மீதியை விழுங்கிவிட்டால், வருகிறவர்களுக்குப் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டுகிற வேலைதான் அது. அங்கே வீடு பொம்மை வீடு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதிலே வஞ்சனை இல்லை. இங்கே தெரியாததை மறைப்பது வேறு.

தென் டக்கோட்டாவிலே இன்றும் லகோட்டா குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் பிள்ளைகளும் அபர்தீன் பூங்காவுக்கு வரக்கூடியவர்கள்தானே? அந்தப் பிள்ளையின் தகப்பன், சிங்கத்தின் மேலே மகனை ஏற்றிவைத்துப் போட்டோ எடுக்கும்போது, இந்த ஊர் விஷயத்தை மறைக்கவில்லை என்று தெரிந்துகொண்டு எடுக்கட்டும்.

அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கோடி டாலர் ஏலம் எடுக்கவேண்டியதில்லை. விழா நடத்தும் ஒவ்வோர் ஊரிலும், பாம் படம் மாட்டிய இடத்திலே, பிறந்த தேதி, புத்தகம் வெளிவந்த ஆண்டு இவற்றோடு, 1890 டிசம்பர் 20, 1891 ஜனவரி 3 என்ற இரண்டு தேதிகளும், அன்று அவர் எழுதியது என்ன என்பதும் இருக்கவேண்டும். பக்கத்திலே மாமியார் கேஜ் அம்மாளின் படத்தையும் மாட்டலாம். குழந்தைகள் பாதையிலே ஓடிக்கொண்டிருக்கும்போது, பெரியவர்கள் நின்று படிக்க அது போதும்.